கிளிப் போடும் மருத்துவரின் காலக்கணக்கு

பல்லுக்குக் கிளிப் போட வருகிறவர்கள் முதலில் கேட்பது வலிக்குமா என்பதை. அடுத்ததாக, எத்தனை மாதம் ஆகும் என்பதை. இரண்டாவது கேள்வியில்தான் ஆர்த்தோடான்டிஸ்ட் என்கிற பல் சீரமைப்பு மருத்துவரின் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது. நாற்காலியில் நோயாளி இருப்பது நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கால் மணி நேரமோ அரை மணி நேரமோ. பல் நகர்வது அவர் வீட்டில் தூங்கும்போதும் சாப்பிடும்போதும் கண்ணாடி முன் நிற்கும்போதும். ஆகவே மருத்துவர், தான் அருகில் இல்லாத நேரத்தில் என்ன நடக்கும் என்பதைத் திட்டமிடுகிறவர். வாய் முழுக்கக் கிளிப் போடும் சிகிச்சைக்குப் பொதுவாக 18 முதல் 24 மாதம். அதற்குப் பின் வருவது இன்னும் நீளமானது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிப்பின் பாதை நாட்டுக்கு நாடு சற்று மாறும், அடிப்படை ஒன்றுதான். முதலில் முழுப் பல் மருத்துவப் பட்டம், 4 முதல் 6 ஆண்டு. பிறகு பல் சீரமைப்பில் மட்டும் இரண்டு மூன்று ஆண்டு முழுநேரப் பயிற்சி. பட்டம் முடித்ததும் நேரே மேற்படிப்பில் சேராமல் ஓரிரு ஆண்டு பொதுப் பல் மருத்துவம் செய்துவிட்டு வருவது நல்லது என்பது என் கருத்து. சொத்தைப் பல் அடைத்து, வேர் சிகிச்சை செய்து, ஈறு நோயைக் கண்ணால் பார்த்தவருக்குத்தான் எந்தப் பல்லை இழுக்கக் கூடாது என்பது புரியும்.

சிறப்புப் பயிற்சியின் ஆரம்ப மாதங்கள் நோயாளியிடம் அல்ல, இடுக்கியிடம் கழியும். சுருளாக வந்த கம்பியை விரலாலேயே நீவி நேராக்குவது முதல் பாடம். 0.7 மி.மீ. கம்பியில் கடைவாய்ப் பல்லைப் பிடிக்கும் கொக்கி, 0.5 மி.மீ. கம்பியில் சிறு ஸ்பிரிங் என்று நூற்றுக்கணக்கில் வளைக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை வளைத்து நிமிர்த்தினால் அந்த இடத்தில் கம்பி களைத்துப்போய், பின்னாளில் வாய்க்குள்ளேயே உடையும். அடுத்தது டைப்போடான்ட்: மெழுகில் நட்ட செயற்கைப் பற்கள். கிளிப்பும் கம்பியும் மாட்டி வெந்நீரில் அமிழ்த்தினால் மெழுகு இளகிப் பற்கள் நகரும். இரண்டு ஆண்டில் நடப்பதைச் சில மணி நேரத்தில் காட்டும் பொம்மை அது. ஒரு பல்லை இழுத்தால் பக்கத்துப் பல்லும் சேர்ந்து வரும் என்பதை மாணவர் முதன்முதலாகக் கைப்படப் பார்ப்பது அங்கேதான்.

நோயறிதலில் பழைய பெயர்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. எட்வர்ட் ஆங்கிள் 1899-ல் முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை வைத்து வகுத்த மூன்று வகுப்புகளை இன்றைக்கும் தினமும் எழுதுகிறார்கள். 1931-ல் பிராட்பென்ட் கொண்டுவந்த பக்கவாட்டு முக எக்ஸ்ரே, பல் மட்டும் கோணலா அல்லது தாடையே முன்பின்னாக இருக்கிறதா என்று பிரித்துக் காட்டும். மண்டை ஓட்டின் அடித்தளத்தோடு மேல்தாடையின் கோணம் சராசரியாக 82 டிகிரி, கீழ்த்தாடைக்கு 80, வித்தியாசம் 2 என்று மனப்பாடம் செய்வார்கள். இந்த எண்கள் ஒரு சிறிய ஐரோப்பிய வம்சாவளிக் குழுவிலிருந்து வந்தவை. எல்லா முகத்தையும் அந்த எண்ணுக்கு இழுத்துக் கட்டப் பார்ப்பது அனுபவமில்லாதவர் செய்கிற தவறு. எக்ஸ்ரேயைப் பார்க்குமுன் முகத்தைப் பார்க்க வேண்டும்: பேசும்போது, சிரிக்கும்போது, உதடு சும்மா மூடியிருக்கும்போது.

இனி விசை. வெளியாட்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். கம்பி பல்லை எலும்புக்குள் உழுதுகொண்டு போவதில்லை. வேரைச் சுற்றி அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான தடிமனில் ஒரு நார்த்திசு உண்டு. பல்லை ஒரு பக்கம் லேசாக அழுத்தினால் அந்தப் பக்கத்து எலும்பை உடலே கரைக்கும், எதிர்ப்பக்கத்தில் புதிதாகக் கட்டும். அழுத்தம் கூடினால் என்ன ஆகும்? நார்த்திசுவின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கி அந்த இடம் உயிரற்றுப் போகும். அங்கே எலும்பைக் கரைக்க வேண்டிய செல்களே இருக்காது. அவை தூரத்திலிருந்து, எலும்பின் பின்புறமாகக் குடைந்து வரவேண்டும். அதுவரை பல் அசையாது, வலி மட்டும் இருக்கும். சில வாரம் கழித்துத் திடீரென ஆடி நகரும். கூடவே வேர் நுனி கரையும் வாய்ப்பும் ஏறுகிறது. "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்பதற்கு மருத்துவர் சிரித்துக்கொண்டே மறுப்பது இதனால்தான். ஒரு பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் விசை போதும். வேரோடு நேராக நகர்த்த 70 முதல் 120. எலும்புக்குள் அழுத்தி உயரம் குறைக்க 10 முதல் 20 கிராம்தான். வேகம் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். முன்கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தால் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 7 மி.மீ. கணக்கைப் போட்டுப் பார்த்தால் இடத்தை மூட மட்டும் ஏன் அரை ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பது விளங்கும்.

அந்த 7 மி.மீ. முழுவதும் முன்பற்களுக்குக் கிடைத்துவிடாது. கோரைப் பல்லைப் பின்னால் இழுக்கும்போது, பிடிமானமாக நிற்கும் கடைவாய்ப் பல் முன்னால் வரும். அது 3 மி.மீ. வந்துவிட்டால் எத்துப்பல்லை உள்ளே கொண்டுபோக 4 மி.மீ.தான் மிச்சம். பற்களைப் பிடுங்கியும் எத்து அப்படியே இருக்கிறது என்று வருகிற பல புகார்களுக்குப் பின்னால் இந்தப் பிடிமான இழப்புதான் இருக்கும். இரண்டாம் கடைவாய்ப் பல்லையும் சேர்த்துக் கட்டுவது ஒரு வழி. எலும்பில் நேரே ஏற்றும் சிறு திருகு இன்னொன்று: 1.4 முதல் 2 மி.மீ. விட்டம், 6 முதல் 10 மி.மீ. நீளம், மரத்துப்போக ஊசி போட்டு இரு வேர்களுக்கு நடுவே ஏற்றுவார்கள். சில திருகுகள் தளர்ந்து கழன்றுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் கழன்றால் அது மருத்துவரின் தவறாகவே பார்க்கப்படும்.

கிளிப் ஒட்டும் நாளில் எதிரி எச்சில். எனாமலைத் துப்புரவாக்கி, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்து, நன்றாகக் கழுவி உலர்த்தினால் பல் சாக்பீஸ் போல வெளுத்துத் தெரியும். வெளுக்கவில்லையென்றால் ஒட்டக் கூடாது. வெளுத்த பரப்பில் ஒரு துளி எச்சில் பட்டாலும் மறுபடி செய்ய வேண்டும். அங்கே அவசரப்பட்டவரின் பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு, அடுத்த வாரமே தெறிக்கும். அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கி ஒட்டும் உத்தியை 1955-ல் பூனகோர் கண்டறிந்தார். அதற்கு முன் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம்.

பிராக்கெட்டின் இடம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பல்லில் தெரியும். ஈறுப் பக்கம் தள்ளி ஒட்டினால் பல் கீழிறங்கி நீண்டு தெரியும், சாய்த்து ஒட்டினால் வேர் சாயும். 1972-ல் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ், சிகிச்சையே பெறாத 120 நல்ல பல்வரிசைகளின் அச்சுகளை அளந்து ஆறு விதிகளை எழுதினார். இன்றைய பிராக்கெட்டுகளில் ஒவ்வொரு பல்லுக்கும் உரிய சாய்வு வார்ப்பிலேயே இருப்பது அதன் வழி வந்தது. கம்பி வளைக்கும் வேலை குறைந்தது. ஆனால் தவறாக ஒட்டிய பிராக்கெட் அந்தத் தவறையே துல்லியமாக நிறைவேற்றும். முதல் சில மாதத்திலேயே கண்டுபிடித்துப் பெயர்த்து ஒட்டுவது நல்லது. கௌரவம் பார்த்துக் கடைசிவரை கம்பியில் வளைவு போட்டுச் சமாளிப்பது நோயாளியின் நேரத்தைத் தின்னும். கம்பிகளும் படிப்படியாகத்தான்: 0.014 அங்குல நிக்கல் டைட்டானியத்தில் தொடங்கி, 0.022 அங்குலப் பள்ளம் உள்ள பிராக்கெட்டில் 0.019 க்கு 0.025 ஸ்டீல் கம்பிவரை. பல் வரிசைக்கு வருமுன் தடித்த கம்பிக்குத் தாவினால் பிராக்கெட் பிய்யும், இல்லையென்றால் நோயாளி இரவெல்லாம் தூங்கமாட்டார்.

எந்த வயதில் அழைத்து வருவது? அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் 7 வயதில் ஒருமுறை காட்டச் சொல்கிறது. காட்டத்தான், கிளிப் போட அல்ல. அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வேண்டிய சிகிச்சை, ஆண்டுக்கொரு முறை பார்ப்பது மட்டுமே. உடனே கை வைக்க வேண்டியவை சில உண்டு. கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நழுவும் குறுக்குக் கடி அதில் ஒன்று. அண்ணத்தின் நடுவே இரு எலும்புகள் சேரும் கோடு இறுகுமுன் மேல்தாடையை அகலப்படுத்துவது எளிது. 10 வயதில் மேல் கோரைப் பல்லின் புடைப்பு ஈறில் விரலுக்குத் தட்டுப்படவில்லையென்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அண்ணப் பக்கம் போகும் கோரைப் பல்லை, பால் கோரைப் பல்லை உரிய நேரத்தில் எடுப்பதாலேயே பல சமயம் வழிக்குக் கொண்டுவரலாம். விட்டுவிட்டால் பின்னால் அறுத்துத் திறந்து சங்கிலி கட்டி இழுக்க வேண்டிவரும். பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அது தின்றுவிடவும் கூடும். சிறிய கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும் கருவிகள் பூப்பு வளர்ச்சி ஓட்டத்தில்தான் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கழுத்தெலும்பின் வடிவத்தை எக்ஸ்ரேயில் பார்த்து நாள் குறிப்பார்கள், பிறந்த தேதியைப் பார்த்தல்ல.

பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டியவை வேறு: ஈறில் ரத்தம் வருகிறதா, எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் மருந்து உண்டா, நிக்கல் ஒவ்வாமை உண்டா. ஈறு நோய் அடங்காத வாயில் பல்லை நகர்த்தினால் எலும்பு மேலும் போகும்.

சிகிச்சை நடுவில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது துப்புரவு. பிராக்கெட்டைச் சுற்றிப் பாசி படிந்து கிடந்தால் நான்கே வாரத்தில் எனாமலில் வெள்ளைத் தழும்பு விழ ஆரம்பிக்கும். கிளிப்பைக் கழற்றும் நாளில் வரிசையான பற்களில் சதுரம் சதுரமாக அந்தத் தழும்பைப் பார்ப்பது இரு தரப்புக்கும் கசப்பு. ஃபுளோரைடு பற்பசை, கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷ், அதை மருத்துவர் கண்முன் செய்து காட்டச் சொல்வது: இவைதான் மருந்து. துப்புரவு தேறவே இல்லையென்றால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக் கிளிப்பைக் கழற்றும் துணிவும் மருத்துவருக்கு வேண்டும். இரண்டாவது, மேல் கீழ்ப் பற்களை இணைத்து மாட்டும் ரப்பர். நாளுக்கு 20 மணி நேரத்துக்கு மேல், தினமும் புதிது. நேற்று மறந்தேன் என்று இன்று இரண்டாக மாட்டுவார்கள். அதிக விசை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். மூன்றாவது வேர். தொடங்கி ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்து வேர் நுனிகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். கரைவு தெரிந்தால் சில மாதம் விசையை நிறுத்தி வைக்க வேண்டும்.

வலியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது மேல். கம்பி மாட்டிச் சில மணி நேரத்தில் தொடங்கும், மறுநாள் உச்சம், ஒரு வாரத்துக்குள் அடங்கும். இதை முதலிலேயே கேட்டவர் மறுநாள் பதறிப் போன் செய்யமாட்டார். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் ஈரத்தைத் துடைத்துவிட்டு மெழுகை உருட்டி வைக்கலாம். ஈரத்தில் மெழுகு நிற்காது.

கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டுகளான அலைனர் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு தட்டும் சுமார் கால் மில்லிமீட்டர் நகர்த்தும், நாளுக்கு 22 மணி நேரம் அணிய வேண்டும். உருண்டையான முன்கடைவாய்ப் பல்லைத் திருப்புவதிலும், பல்லை எலும்பிலிருந்து சற்று வெளியே இழுத்து உயரம் கூட்டுவதிலும் அது தடுமாறும். பல்லின் விளிம்புக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அடுத்த தட்டுக்குப் போகக் கூடாது. கணினித் திரையில் பற்கள் வழுக்கிப் போவதை வைத்து யாரும் மயங்க வேண்டாம், அது திட்டம்தான்.

தாடை அறுவைக்குத் தயார்படுத்தும்போது பற்களை வேண்டுமென்றே முகம் இன்னும் கோணலாகத் தெரியும் பக்கம் நகர்த்துவார்கள். தாடையின் குறையை மறைக்கச் சாய்ந்திருந்த பற்களை நிமிர்த்தாமல் தாடையை வெட்டி வைக்க முடியாது. அந்த ஒரு ஆண்டு எப்படி இருக்கும் என்று முன்பே சொல்லாத மருத்துவரை நோயாளி பாதியில் விட்டுப் போனால் குறை சொல்ல முடியாது.

கடைசியில் ரிட்டெய்னர்: கிளிப்பைக் கழற்றிய பின் பற்களை வந்த இடத்திலேயே பிடித்து வைக்கும் கருவி. பல்லைச் சுற்றிய எலும்பு சில மாதத்தில் இறுகும். ஈறின் மேல் நார்கள் ஏறக்குறைய ஒரு வருடம்வரை பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். திருப்பி வைத்த பற்கள் விரைவில் திரும்புவது அதனால். 1981-ல் ராபர்ட் லிட்டிலும் உடனிருந்தவர்களும், ரிட்டெய்னரை நிறுத்திப் பத்தாண்டு கடந்தவர்களை அளந்தபோது, கீழ் முன்பற்கள் திருப்தியாக நின்றது 30 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடம். ஞானப்பல்லை எடுத்துவிட்டால் நெரிசல் வராது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ்ப்பற்கள் நெரியும்.

ஆகவே முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், பற்கள் வரிசையாக இருக்க வேண்டும் என்று விரும்பும்வரை. உள்பக்கம் ஒட்டிய கம்பி என்றால் ஆண்டுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ஒரு பல்லில் மட்டும் பிசின் விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது, பல் நகர்ந்த பிறகே தெரியும். பிளாஸ்டிக் ரிட்டெய்னரை வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும், குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷும் போதும். சாப்பிடும்போது கழற்றினால் டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைக்காதீர்கள், அதற்கென்று கொடுத்த டப்பாவில் வையுங்கள். தொலைகிற ரிட்டெய்னர்களில் நிறைய எச்சில் தட்டோடு சேர்ந்து குப்பைக்குத்தான் போகின்றன. சில நாள் விட்டுப்போய் மறுபடி போடும்போது இறுக்கமாக இருந்தாலும் முழுவதும் உட்கார்ந்தால் தொடரலாம். உட்காரவில்லையென்றால் அழுத்திப் போடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.