ஏழு ரோடு டீக்கடை

"அண்ணே, சர்க்கரை கம்மியா ரெண்டு டீ."

கொடைக்கானல் ஏழு ரோட்டில் இன்று காலை இதைக் கேட்டது ஒரு வெள்ளைக்காரப் பையன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பக்கத்திலேயே கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கியது. அப்போது பெயர் ஹைகிளெர்க்.

அந்தப் பள்ளியின் பழைய லீவுக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாமெல்லாம் கோடையில் பள்ளியை மூடுவோம். அவர்களுக்கு நீண்ட லீவு அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. ஏப்ரல், மே வெயிலுக்கு அப்பா அம்மாவே மலையேறி வந்துவிடுவார்களே, பிறகு பிள்ளை எதற்குக் கீழே இறங்க வேண்டும்?

கீழே மதுரையிலும் பசுமலையிலும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய அதே மிஷன்காரர்கள், தங்கள் பிள்ளைகளை மட்டும் மேலே தனியாகப் படிக்க வைத்தார்கள். வெயில், காலரா, பிறகு அமெரிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டிய படிப்பு. காரணங்கள் புரியாமல் இல்லை. ஆனாலும் உறுத்துகிறது.

1970-களில் அது சர்வதேசப் பள்ளியானது. 1976-ல் இந்தியாவிலேயே முதலில் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம் வந்ததும் அங்கேதான். இந்தியப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள், பீஸ் கட்ட முடிந்தவர்கள்.

மோட்டார் பாதை வருவதற்கு முன், துரைகளையும் பிள்ளைகளையும் நாற்காலியில் வைத்து மலைமேல் தூக்கிவந்தவர்கள் நம் ஆட்கள். அவர்கள் வீட்டுக் கொள்ளுப்பேரன், பேத்தி யாராவது அங்கே படித்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.