உள்பக்கத்தில் வாங்கும் கையொப்பம்

பியானோக் கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல்களில் கையொப்பம் வாங்கிச் சேர்ப்பவர்களில் பலர், கலைஞரின் படம் உள்ள அட்டையையே நீட்டுகிறார்கள். நான் உருப்படிகள் அச்சிடப்பட்ட உள்பக்கத்தை விரித்துக் கொடுப்பதே வழக்கம். இசையமைப்பாளர் ஷூபேர்ட்டின் கடைசிச் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்திய இசைப்படைப்பு) ஒன்றின் பெயருக்கு அருகில் விழும் கையொப்பம், அந்த மாலையில் அந்த மண்டபத்தில் அதை வாசித்தவர் இவர்தான் என்பதற்குச் சாட்சியாக நிற்கும். கைதட்டலுக்குப் பின் வாசித்த மேலதிக உருப்படியின் பெயரையும் ஓரத்தில் எழுதித் தருமாறு கேட்பேன். அது அச்சில் எங்கும் இராத செய்தி.

வயலின் கச்சேரிகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வயலின் கலைஞரைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடிக்க, பியானோ வாசித்தவர் சற்றுத் தள்ளித் தனியே நிற்பார். பேத்தோவன் தமது 12ஆம் இலக்கப் படைப்பாக 1799இல் வெளியிட்ட மூன்று வயலின் சொனாட்டாக்களின் முகப்பில் வயலினுக்கு முன்பே பியானோவின் பெயர் வருகிறது. வயலின் அதனுடன் சேரும் வாத்தியமாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. செசார் பிராங்க் வயலினுக்கும் பியானோவுக்குமாக எழுதிய சொனாட்டாவில் பியானோப் பகுதி எவ்வளவு கடினமானது என்பதை அதைப் பயின்றவர்கள் அறிவார்கள். வயலின் கலைஞர் இட்ஸாக் பேர்ல்மனுக்குப் பல ஆண்டுகளாகப் பியானோ வாசித்துவரும் ரொஹான் டி சில்வா நம் இலங்கையர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவருடைய கையொப்பம் இல்லாத பேர்ல்மன் நிரலைப் பாதி நிரல் என்றே சொல்வேன்.

கொழும்பில் சேர்ப்பதைவிடக் காப்பதே பெரும்பாடு. வழுவழுப்பான தாளில் ஜெல் பேனையால் இட்ட கையொப்பம் உலர நேரமெடுக்கும். உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் அதன் பிரதி பதிந்துவிடும். கடற்காற்றில் கம்பி ஊசிகள் துருப்பிடித்து மடிப்பில் செம்பழுப்புக் கறை படரும் என்பதால், அவற்றைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்து, பொலியெஸ்டர் உறையிலிட்டு, வெயில் படாத அலுமாரியில் வைக்கிறேன். பிவிசி என்னும் பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் மையை உரித்தெடுத்துவிடக் கூடியது.

நான் மிகவும் தேடுவது லயனல் வென்ட் கையொப்பமிட்ட ஒரு நிரலை. 1953இல் திறக்கப்பட்ட அரங்கின் பெயராலும் ஒளிப்படங்களாலும் அவரை அறிந்தவர்கள் பலர். 1944இல் மறைந்த அவர் தேர்ந்த பியானோக் கலைஞர் என்பது பலருக்கு நினைவில்லை. கொழும்பின் பழைய வீடுகளில் பெட்டி ஒதுக்குபவர்கள், அவர் வாசித்த கச்சேரியின் தாள் ஒன்று கிடைத்தால், கிழிந்திருந்தாலும் கறைபட்டிருந்தாலும் தயவுசெய்து எறிந்துவிட வேண்டாம். விற்க மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை. பார்ப்பதற்கு மட்டுமாவது அனுமதித்தால் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.