பிரேக் பூஸ்டரில் வெற்றிடக் கசிவைத் தேடிய ஞாயிற்றுக்கிழமை

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய பெட்ரோல் காரின் பிரேக் பெடல், சில வாரங்களாகவே காலையில் முதல் மிதியிலேயே கல்லாக இறுகியிருந்தது. "பூஸ்டர் போயிட்டுது தம்பி, மாத்தத்தான் வேணும்" என்று கராஜில் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதியின் விசையைப் பெருக்கும் பாகமே பூஸ்டர். பாவித்த பூஸ்டர் ஒன்றுக்குப் பணம் கொடுக்கும் முன், நானே சோதித்துப் பார்க்க எண்ணினேன்.

என்ஜினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை ஐந்தாறு தடவை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்தபோது பெடல் சற்றே கீழிறங்கியது. வெற்றிடம் பூஸ்டரை வந்தடைகிறது என்பது உறுதியாயிற்று. அடுத்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். சீரான பூஸ்டராயின், உள்ளே வெற்றிடம் தங்கியிருப்பதால், முதல் மிதி ஆழமாக இறங்கி, அடுத்தடுத்த மிதிகள் படிப்படியாக உயர வேண்டும்; இங்கோ, ஒரு நிமிடம் பொறுத்து மிதித்த முதல் மிதியே உயரத்தில் நின்றது. என்ஜின் ஓடுகையில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிறுத்தினால் 30 விநாடிகளுக்கு அது அசையக் கூடாது. பத்தாவது விநாடியிலேயே அது என் பாதத்தை மேலே தள்ளத் தொடங்கியது.

கசிவு உண்டு; எங்கே என்பதுதான் கேள்வி. சவர்க்கார நீரைத் தெளித்துப் பார்த்தது என் மடமை. காஸ் சிலிண்டரில் காற்று வெளியேறுவதால் குமிழி எழும். இங்கு காற்று உள்ளே இழுபடுவதால் குமிழிக்கு வழியே இல்லை.

வெற்றிடத்தை அளக்கும் கேஜைப் பொருத்தியபோது, ஐட்லிங்கில் (வண்டி நிற்க என்ஜின் மெதுவாக ஓடுகையில்) என்ஜினுக்குக் காற்றுச் செல்லும் குழாயான மனிஃபோல்ட் 19 அங்குலப் பாதரசம் காட்டியது. கடல்மட்டத்தில் 18 முதல் 22 வரை வழமை என்பதால் (மலைமேலுள்ள நுவரெலியாவிலாயின் ஏறத்தாழ 6 அங்குலம் கழித்துக் கணக்கிட வேண்டும்) என்ஜின் மீது சந்தேகம் எழவில்லை. பூஸ்டரிலிருந்து என்ஜின் பக்கம் மட்டுமே காற்றை விடும் ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதினேன். பூஸ்டர் பக்கமிருந்து காற்றை விட்டது, என்ஜின் பக்கமிருந்து அடைத்துக்கொண்டது. ஆகவே வால்வும் நல்லதே.

அதனை மீண்டும் செருகி, கைப் பம்பினால் பூஸ்டரில் 20 அங்குலம் இழுத்தேன். அரை நிமிடத்தில் முள் 11இற்கு விழுந்தது. பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர்த் திரையான டயாஃப்ரம் கிழிந்துவிட்டதென்று மனம் தளர்ந்த வேளையில், பம்புக் குழாயைச் சரிசெய்யக் கை நீட்டியபோது வால்வு ஒரு பக்கம் சாய, முள் சட்டென நின்றது. கையை எடுத்தேன், மீண்டும் விழுந்தது. வால்வு அமரும் ரப்பர் வளையத்தைப் பிடுங்கிப் பார்த்தால், அது பிளாஸ்டிக் போல இறுகி, உள்விளிம்பில் நகக்கீறல் அளவில் வெடித்திருந்தது.

வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக அளவு பார்த்து வாங்கிய புது வளையத்தைப் பொருத்தியபின், முள் ஐந்து நிமிடமாகியும் 20ஐ விட்டு அசையவில்லை. மூன்று பெடல் சோதனைகளையும் மறுபடி செய்தேன், மூன்றும் சரி. மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன்னரே முதல் மிதி மெத்தென இறங்கியது.