வண்டிய ஒசத்திட்டீங்க, நாங்க எப்படி ஏறுறதாம்?

ஜீப்புக்கு, அடியில இருந்து வண்டிய மேல தூக்கற லிப்ட் கிட் போட்டு, பெரிய டயர் மாட்டி, ஒசத்தி நிறுத்திட்டு "ஏறுக்கா, லேட்டாகுது"ன்னு ஹாரன் அடிக்கற தம்பிங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் நாலடி பத்து இன்ச். எங்க அம்மா என்னை விடக் கம்மி, அப்பத்தா கூன் விழுந்ததுல இன்னும் கம்மி. வீட்டுல உயரமானவன்னா தம்பி ஒருத்தன்தான், வண்டியும் அவனோடது, அதனால வண்டிக்கு என்ன பண்ணணும்னு முடிவு பண்றது அவன், அதுல எப்படி ஏறுறதுன்னு முழிக்கறது நாங்க.

வண்டி 2020ல வந்த மாடல் மஹிந்திரா தார் ஜீப், மூணு கதவு. கம்பெனில இருந்து வரும்போதே கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல உள்ள இடைவெளி, 226 மில்லிமீட்டர். எங்களுக்கு கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு, மெயின் ரோட்டுல இருந்து உள்ள போற மண் பாதை ஐப்பசி கார்த்திகை மழையில வாய்க்காலாவே மாறிடும், நடுவுல கல்லு துருத்திட்டு நிக்கும், அதனால ஒசத்தினதுல நியாயமே இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒரு கணக்கு கேளுங்க. டயர் விட்டம் 2 இன்ச் கூடினா வண்டி ஏறுறது அதுல பாதி, 1 இன்ச்தான். லிப்ட் கிட் 2 இன்ச். ஆக மொத்தம் 3 இன்ச். இந்த வண்டில பின்னாடி ஆக்ஸில் ஒரே தண்டா வர்றதால லிப்ட் கிட் அதை ஒரு நூல் கூட தூக்காது, ஆக்ஸில் நடுவுல கல்லுல இடிக்கற உருண்டைய (டிஃபரன்ஷியல்) தூக்குறது டயர் மட்டும்தான். பெரிய டயர் உள்ள உரசாம சுத்தணும்னா லிப்ட் வேணும்ங்கறான் தம்பி, வண்டி வயிறும் தட்டாதுங்கறான், சரிப்பா. ஆனா கல்லுக்கு கிடைச்சது 1 இன்ச், எங்க முட்டிக்கு கிடைச்சது முழு 3 இன்ச்.

டேப் எடுத்து அளந்தே பாத்தேன். தரையில இருந்து கதவுக்கு கீழ உள்ள விளிம்பு வரைக்கும் 24 இன்ச். என் முட்டி 16 இன்ச்ல இருக்கு. வீட்டு மாடிப்படி ஒண்ணு சுமாரா 7 இன்ச் வரும், அப்போ மூணு படிக்கு மேல ஒரே எட்டுல ஏறுன்னு சொல்றீங்க, அதுவும் புடவையில, ஒரு கையில பேக், மறு கையில சாப்பாட்டு கூடை. தாண்டிக்குடி பாலமுருகன் கோவில் ஸ்தல கதையில முருகன் இங்கிருந்து பழனிக்கே தாண்டிப் போனாருன்னு சொல்லுவாங்க, அவருக்கு சரி.

இதுல யாருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. ஏற முடியாதவங்க "என்னால ஏற முடியல"ன்னு சொல்லவே மாட்டாங்க. "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வீட்டுல வேலை கிடக்கு"ன்னு சொல்லுவாங்க. அப்பத்தா பூம்பாறை குழந்தை வேலப்பர் கோவிலுக்கு வரலன்னு சொன்னப்ப எல்லாரும் குளிருதுன்னு நினைச்சாங்க. குளிரெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல, விடியக்காலையில பச்சத்தண்ணியில குளிக்கற ஆளு. வண்டிதான் பிரச்சினை. நிலக்கோட்டையில இருந்து அத்தை வந்தா வத்தலகுண்டுல பஸ் மாறி வந்துக்கறேன்னு சொல்றதும் இதே கதைதான், பஸ் படி கூட இதை விட தாழ்வு, பிடிக்க கம்பியும் இருக்கு. காப்பிப் பழம் பறிக்க வர்ற அக்காங்க இன்னும் மோசம், வெளிய சொல்லாம "நாங்க பேசிக்கிட்டே நடந்து வந்துர்றோம் பாப்பா"ன்னு சிரிச்சிட்டு மழையில நடப்பாங்க. அந்த அக்காங்க முன்னாடி பழைய மேஜர் ஜீப்புல பின்னாடி பலகையில கால வச்சு, படுதாக் கம்பிய பிடிச்சு, பத்து பேரு ஏறினவங்க. அவங்களுக்கு ஏறத் தெரியாம இல்ல.

சரி, அப்ப உதவி பண்றோம்னு தம்பி என்ன பண்ணுவான்? அக்குள்ல கைய குடுத்து தூக்குவான். இல்லன்னா பின்னாடி இருந்து ஒரு தள்ளு. பாசம்தான், ஆனா தயவு செஞ்சு இதை யாரும் பண்ணாதீங்க. வயசானவங்களுக்கு தோள்பட்டை மூட்டுல வலி இருக்கும், அங்கேயே பிடிச்சு இழுக்கறீங்க. கால் இன்னும் எதுலயும் ஊனாம இருக்கும்போதே உடம்பு அந்தரத்துல போயிடும், பயத்துல அவங்க கதவ எட்டிப் பிடிப்பாங்க, கதவு ஆடும், எல்லாரும் சாயுவீங்க. அதெல்லாம் விடுங்க, ரோட்டோரத்துல டீக்கடையில நாலு பேரு பாக்க ஒரு பொம்பளைய மூட்டை மாதிரி தூக்கி உள்ள போட்டா அவங்க அடுத்த தடவை வருவாங்களா? உங்க கை தேவையே இல்லன்னு சொல்லல, கை குடுங்க, ஆனா அது அவங்க பிடிச்சுக்கறதுக்கு நீட்டற கையா இருக்கணும், அவங்களைப் பிடிக்கற கையா இருக்கக் கூடாது. முழங்கைய மடிச்சு கெட்டியா வச்சுக்கிட்டு பக்கத்துல நில்லுங்க, அவங்க அதுமேல ஊனிப்பாங்க, போதும்.

காசு செலவில்லாம முதல்ல பண்ண வேண்டியது வண்டிய நிறுத்துற இடம். மலையில இருக்கோம், இங்க ரோட்டுக்கு ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். பள்ளத்து பக்கம் கதவு வர்ற மாதிரி நிறுத்தினா ரோட்டு விளிம்பு சரிஞ்சு அந்த 24 இன்ச் 30 ஆயிடும், அதோட கால் வைக்கற இடமும் மண்ணு சரியும். மேட்டுப் பக்கம் ஒட்டி நிறுத்துங்க, திண்ணையோ கோவில் படியோ கல்வெர்ட் கட்டையோ இருந்தா இன்னும் நல்லது, அது மேல நின்னே ஏறிக்கலாம். பெருமாள்மலையில எங்களுக்கு இப்படி ஒரு கட்டை தெரியும், எங்க வீட்டு பொம்பளைங்க எல்லாரும் அங்கதான் ஏறுவோம். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, இஞ்சின அணைச்சு, சரிவா இருந்தா சக்கரத்துக்கு கல்லு போட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க. ஆக்ஸிலேட்டர்ல கால வச்சு உறுமிக்கிட்டே "ஏறுங்க"ன்னா எங்களுக்கு ஏற்கனவே இருக்கற பயம் போதாதா?

அடுத்து பிடிமானம். டேஷ்போர்டுல முன்னாடி ஒரு கைப்பிடி இருக்கு, ஆனா கீழ நிக்கற என் கைக்கு அது எட்டாது, ஏறினதுக்கு அப்புறம் பிடிச்சு என்ன பிரயோஜனம்? அதனால கண்ணாடியோரத் தூண்லயோ, உள்ள கூரைக்கு கீழ வர்ற இரும்புக் குழாய் ரோல் பார்லயோ கீழ வரைக்கும் தொங்கற மாதிரி பட்டைக் கைப்பிடி ஒண்ணு கட்டாயம் போடுங்க, போல்ட்ல முறுக்கி, சும்மா வெல்க்ரோல ஒட்ட வேண்டாம், உடம்பு கனம் முழுக்க அதுலதான் வரும். ஏர்பேக் மூடி இருக்கற இடத்துல எதையும் கட்டாதீங்க. எவ்வளவு நீளம்னு கடைக்காரர் சொல்றதை கேக்காதீங்க, வீட்டுல யாரு குட்டையோ அவங்களைத் தரையில நிக்க வச்சு, கை தோளுக்கு மேல போகாம எட்டுற அளவுக்கு அளந்து போடுங்க.

இனி படி. 24 இன்ச்ச பாதியா பிரிக்கணும், 13ல ஒரு படி வந்தா மிச்சம் 11, அதை அம்மாவே ஏறிடுவாங்க. கடையில விக்கற உருண்டைக் குழாய் படி பாக்க கம்பீரமா இருக்கும், இங்க பாதி வருஷம் மூடுபனியும் சாரலும்தானே, ஈரச்செருப்போட அதுல கால வச்சா வழுக்கிட்டுப் போகும். தட்டையா, அகலமா, சொரசொரப்புத் தகடு வச்சதா வாங்குங்க. பாறையில இடிச்சா தாங்கற ஸ்லைடர்னு ஒண்ணு போடுறாங்க, சேசிஸ்ல நேரா பிடிச்சிருக்கும், கனம் தாங்கும், நல்லதுதான், ஆனா அது பாடிய ஒட்டி உள்வாங்கி உசரத்துல இருக்கும், முன்பாதம் கூட வைக்க முடியாது, அதைக் காட்டி "படி போட்டுட்டேனே"ன்னு சொல்லாதீங்க. ரொம்ப தாழ்வா படி போட்டா கல்லுல மாட்டும்னு தம்பி சொல்றது உண்மை. கயித்துல தொங்கற பட்டைப் படி வாங்கிப் பாக்கலாம்னான், அது கால வச்ச உடனே வண்டிக்கு அடியில ஊஞ்சலா போயிடும், கால் உள்ள, உடம்பு வெளிய. காலேஜ் பசங்களுக்கு ஓகே, அப்பத்தாவுக்கு வேணவே வேணாம்.

எங்க வீட்டுல கடைசியா நின்னது ரெண்டு படி இரும்பு ஸ்டூலு. கீழ நாலு காலுக்கும் ரப்பர், மேல தகடுக்கு கரகரன்னு டேப். பிளாஸ்டிக் முக்காலி சரிவுல ஒரு பக்கம் அழுந்தி காலு விரியும், அதை நம்பாதீங்க. அவசரத்துக்கு தக்காளி ட்ரேயை கவுத்துப் போட்டாலும் ஒரு அடி உசரம் கிடைக்கும், ஆனா சமதளத்துல மட்டும். ஸ்டூல்ல மேல் படியில ஏறி நின்னா சீட்டு இடுப்புக்கு கீழ வந்துரும், அப்பத்தா திரும்பி முதுகு காட்டி சீட்டுல உக்காந்து, ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பிக்கும். சீட்டுல வழுக்கற துணி ஒண்ணு விரிச்சு வச்சா திரும்புறது சுலபம், பழைய பட்டுப் புடவைத் துண்டு போதும், உக்காந்ததும் உருவிடுங்க, இல்லன்னா கொண்டை ஊசி வளைவுல ஆளே வழுக்கும். முட்டி நல்லா இருக்கறவங்களுக்கு வேற முறை: இடது பக்கக் கதவுன்னா இடது கையில கைப்பிடி, இடது கால் படியில, வலது கால் உள்ள, உக்காரு, இடது கால இழுத்துக்கோ. வலது கால முதல்ல படியில வச்சீங்கன்னா உள்ள போய் கால் பின்னிக்கும், ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க தெரியும். ரெண்டு கை ஒரு கால், இல்லன்னா ரெண்டு கால் ஒரு கை, எப்பவும் மூணு இடம் ஊனியிருக்கணும், அதனால பேக்க முதல்ல வாங்கி உள்ள வச்சிருங்க. கதவுக் கைப்பிடிய மட்டும் பிடிக்க விடாதீங்க, அது நகர்ற சாமான்.

பின் சீட்டு பத்தி பேசவே வேண்டாம். மூணு கதவு வண்டில முன் சீட்ட மடக்கி அந்த சந்துல நுழையறது குட்டையானவங்களுக்கு ஈஸி, உள்ள இடம் போதும்னு ஒரு நினைப்பு எல்லாருக்கும் இருக்கு. உள்ள இடம் போதும்தான், உள்ள வர்றதுதான் கேள்வி. குட்டைன்னு பின்னாடி தள்ளாதீங்க, குட்டையானவங்களையும் வயசானவங்களையும் முன்னாடி உக்கார வச்சிட்டு நெட்டையன் பின்னாடி மடிஞ்சு உக்காரட்டும். 2024ல அஞ்சு கதவு தார் ராக்ஸ் வந்திருக்கு, புதுசா வாங்குறவங்க வீட்டுல பெரியவங்க இருந்தா அதைப் பாருங்க.

இறங்குறதுதான் ஏறுறதை விட ஆபத்து. ஏறும்போது எல்லாரும் கவனமா நிப்பாங்க, வீடு வந்துட்டா டிரைவர் முதல்ல குதிச்சு போன் பாக்கப் போயிடுவான். ஸ்டூல் போட்டாச்சான்னு பாக்காம அம்மா கால கீழ விடுவாங்க, இருட்டுல தரை எங்க இருக்குன்னே தெரியாது. லாரிக்காரங்க இறங்குறதைப் பாத்திருக்கீங்களா, வண்டியப் பாத்தபடி, கம்பியப் பிடிச்சு, பின்னாடியா இறங்குவாங்க, அதுதான் முறை. கதவுக்கு கீழ சின்னதா ஒரு லைட் போட்டா ராத்திரிக்கு பெரிய உதவி. லைட்னதும் ஞாபகம் வருது, வண்டிய ஒசத்தினா ஹெட்லைட்டும் ஒசந்து எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், தயவு செஞ்சு அதை கீழ இறக்கி வைங்க.

தம்பிகிட்ட நான் கேட்டுக்கிட்டே இருக்கற இன்னொண்ணு ஆர்சி புக். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருக்கு. அவன் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா"ங்கறான். ஆனா படி போடச் சொன்னா மட்டும் "லுக் கெட்டுடும்க்கா"ங்கறான், என்ன நியாயமோ.

ஸ்டூல் வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம், அதுல ஒண்ணரை மீட்டர் கயிறு கட்டிக்கோங்க. கீழ நின்னு கை குடுக்க ஆள் இல்லாம தனியா ஏறுறப்ப, உக்காந்த பிறகு கயித்த இழுத்து ஸ்டூல உள்ள எடுத்துக்கலாம், யாரையும் இறங்கி எடுத்துக் குடுன்னு கேக்க வேண்டாம். கயிறு நுனிய ஸ்டூலோட மேல் படியில கட்டுங்க, காலுல கட்டினா தலைகீழா வந்து கதவுல கீறும், கீறினா அப்புறம் தம்பி மூஞ்சிய பாக்க முடியாது.