மாலை போடுவதற்கு முன் ஓபி சீட்டு போடுங்கள்

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் குடியை விட்டுவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எல்லா ஊரிலும் உண்டு. குலதெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்பவர்களும் உண்டு. அந்த வைராக்கியம் பெரிய விஷயம். ஆனால் தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குச் சத்தியம் தெரியாது. ஒரே நாளில் சரக்கு நின்றால் அது தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

மது மூளையை அமுக்கி வைக்கிறது. வருடக்கணக்கில் அமுங்கிக் கிடந்த மூளை அதற்கு ஈடு கொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. அமுக்கிய கையைத் திடீரென்று எடுத்தால் அந்த வேகம் கட்டவிழ்ந்து துள்ளும். கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு. 12 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு. 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இன்னும் சிலருக்குப் புத்தி தடுமாறும்: நாள் தெரியாது, ஆள் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், இல்லாத ஒருவரோடு பேசுவார்கள், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி ஆனால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? சாமி குத்தம், இல்லையென்றால் காத்து கருப்பு. பூசாரியிடம் கூட்டிப்போய் மந்திரிப்பதில் போகும் அந்த ஒரு ராத்திரி உயிரையே எடுத்துவிடலாம். இது மருத்துவ அவசரம். 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், மஞ்சள் காமாலை அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர், வயதானவர், தூக்க மாத்திரையும் சேர்த்துப் பழகியவர் ஆகியோருக்கும் இதேதான். "பீர் மட்டும்தான் சார்" என்பதும் தப்புக் கணக்கு. 42.8 சதவீத பிராந்தி ஒரு குவாட்டர், அதாவது 180 மி.லி., குடித்தால் உள்ளே போவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் சுமார் 41 கிராம். இரண்டு பீர் ஒரு குவாட்டரைத் தாண்டிவிடுகிறது.

அதனால் மாலை போடும் தேதிக்குப் பத்து நாள் முன்பே ஒரு ஓபி சீட்டு போடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் போய் "மனநலப் பிரிவு" என்று கேட்டால் போதும். மனநலப் பிரிவு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். குடியை நிறுத்த வைக்கும் மருத்துவம் அந்தத் துறையில்தான் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வெளியூர் மருத்துவமனைகளுக்கும் முறை வைத்துப் போவார். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைக்காரர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போனால் பஸ் செலவு மிச்சம். அரசு மருத்துவமனைகளில் 2025-இல் தொடங்கப்பட்ட போதை மீட்பு மையங்களுக்குக் 'கலங்கரை' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லியும் விசாரிக்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக்காரர்களுக்குப் பெங்களூருவின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸும் எட்டும் தூரம்தான். ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. போதை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: தினமும் எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வலிப்பு வந்ததுண்டா, இப்போது என்னென்ன மாத்திரை, கஞ்சாவோ வலி மாத்திரையோ உண்டா. அளவைக் குறைத்துச் சொன்னால் மருந்தின் அளவும் குறைந்துபோகும். நடுக்கம் அடங்காது, மூன்றாம் நாள் ஆள் மறுபடி கடையில் நிற்பார். இது அடிக்கடி நடக்கிற தப்பு. வெட்கத்தை அந்த ஒரு அறைக்குள் மட்டும் விட்டுவிடுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்? மதுவின் இடத்தில் மூளையை அமைதிப்படுத்தும் குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டவருக்கு லோராசெபாம். கூடவே தயாமின் என்கிற வைட்டமின் பி1. இந்தத் தயாமினைப் பற்றி ஒரு சொல். நடுக்கம் என்றதும் தெருமுனை கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சோறே இல்லாமல் குடித்தவர் உடம்பில் பி1 ஏற்கெனவே வற்றியிருக்கும். தயாமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சம் இருக்கும் பி1-உம் செலவாகி, கண் அசைவு, நடை, ஞாபகம் மூன்றும் பாதிக்கப்படலாம். "இவர் குடிப்பவர், முதலில் தயாமின் போடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டயசெபாமை மெடிக்கலில் தானாக வாங்கிப் போடவும் கூடாது. அதன் மேல் சரக்கும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அது தானாக நின்றாலும் 108 வேண்டும்.

அடுத்தது, இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ஒட்டியிருக்கும் விளம்பரங்கள். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் இருக்காது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையே ரசத்தில் கரைத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும்; இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரை அந்த ஆபத்து இருக்கும். சம்மதித்து, தெரிந்து, மனைவியோ அம்மாவோ பார்த்துக்கொண்டிருக்க தினமும் விழுங்குபவருக்கு அது நல்ல மருந்து. கடைசிக் குடிக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே குறைந்தது 12 மணி நேரம் வேண்டும். கல்லீரல் பரிசோதனையும் அவசியம். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது மருத்துவர் முடிவு.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால் முதலில் கேட்க வேண்டியது, மாநில மனநல ஆணையத்தின் பதிவு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இந்த மையங்களுக்கும் பொருந்தும். யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதன் 95-ஆம் பிரிவு சொல்கிறது. தானாக வந்து சேர்ந்தவர் போக வேண்டும் என்றால் விட வேண்டும். ராத்திரி வேன் அனுப்பித் தூக்கிப்போகிறோம் என்பவர்களிடம் சேர்க்காதீர்கள். மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், வாரம் ஒருமுறை பார்க்க விடுவார்களா, பணத்துக்கு ரசீது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

நடுக்கம் நிற்பது முதல் வாரத்து வேலை. குடியில்லாமல் இருப்பது அதற்கப்புறம் வருஷக்கணக்கில் நடக்கும் வேலை. நம் பக்கத்தில் ஆள் சறுக்குவதற்கென்றே சில நாட்கள் இருக்கின்றன: சனிக்கிழமை சாயங்காலக் கூலி, மாரியம்மன் பண்டிகைக் கறிச்சோறு, எழவு வீடு, ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு, மாலை கழற்றி வந்த மறுநாள். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப மோசம். 48 நாள் விரதம் முடிந்தது என்று அன்றைக்கே பாட்டில் திறப்பவர்கள் அதிகம். ஓபியின் அடுத்த தேதியை அந்த நாளுக்கே வாங்கி வையுங்கள். கூலி வங்கிக் கணக்குக்கு வரட்டும். எழவு வீட்டுக்குக் குடிக்காத மச்சானோடு போய், எடுத்ததும் திரும்பிவிடட்டும். ஒருநாள் சறுக்கினால் "எல்லாம் போச்சு" என்று விடாதீர்கள், அன்றே மருத்துவரைப் பார்க்கட்டும்.

குடித்து மீண்டவர்களே நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. பெயர் விவரம் வெளியே போகாது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன, போன் வழியாகவும் சேரலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. அவர் வராவிட்டாலும் மனைவி மட்டும் போகலாம்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது. இப்போதைக்கு ஒன்று: பையனின் சட்டைப்பையில் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலமோ, பேர் தெரியாத வலி மாத்திரை அட்டையோ கிடைத்தால் அடித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். எங்கே வாங்கினான் என்று பொறுமையாகக் கேளுங்கள். சிறுவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் போதைப்பொருள் தருபவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பவரைப் பற்றி 10581-இல் சொல்லலாம்.

மற்ற எண்களையும் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனம் தாங்காதபோது எந்த நேரமும் தமிழில் பேச 14416. குடித்துவிட்டு அடித்தால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. கள்ளச்சாராயம் குடித்தபின் கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108. அதில் மெத்தனால் என்கிற விஷம் கலந்திருந்தால் பார்வை போவதற்குச் சில மணி நேரமே போதும்.