மூணாவது பட்டன் இல்லை

"நாடு சரியான திசையில் போகிறது என்றால் ஒன்றை அழுத்தவும். தவறான திசை என்றால் இரண்டை அழுத்தவும்."

காலையில் போனில் வந்த பதிவுக் குரல். மூணாவது பட்டன் கிடையாது. "எந்த விஷயத்துலங்க?" என்று திருப்பிக் கேட்கவும் வழியில்லை. யோசிப்பதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

இதே கேள்வியை இப்சாஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மாதாமாதம் பல நாடுகளில் கேட்கிறது. பெரும்பாலான நாடுகளில் 'தவறான திசை'க்குத்தான் மெஜாரிட்டி.

அமெரிக்காவில் கேலப் என்ற இன்னொரு கருத்துக்கணிப்பு நிறுவனம் 1979லிருந்தே, நாட்டின் போக்கு திருப்தியா என்று கேட்டுவருகிறது. வேடிக்கை என்னன்னா, சொந்த வாழ்க்கை எப்படி என்றால் பெரும்பாலோர் திருப்தி என்கிறார்கள். நாடு எப்படி என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். என் வீடு நல்லா இருக்கு, ஊர்தான் கெட்டுப்போச்சு!

இன்னொன்று. ஆட்சி மாறினால் பதிலும் கட்சி மாறிவிடும். நேற்றுவரை "நாசமாப் போச்சு" என்றவருக்கு இன்று எல்லாம் சரியாகத் தெரியும். விலைவாசி என்னவோ அதேதான்.

அதனால் மொத்த சதவீதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்றுதான் தேடுவேன். எதிர்க்கட்சிக்காரர் குறை சொல்வது செய்தியே இல்லை. சொந்த ஆட்களே சலித்துக்கொள்ள ஆரம்பித்தால்தான் மேலே இருப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.