கேலிச்சித்திரக்காரர் படைத்த கண்டம்

1957-இல் ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்த வால்டர் மோர்ஸ், ஓவியத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். 1990-இல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த சித்திரக்கதையின் நாயகன், பெரியவர்களை வாய்கூசாமல் அவமதிக்கும் ஒரு பொடியன். நூலின் தலைப்பே சபையில் சொல்லத் தகாத வசைச்சொல். 1998-இல் ஹிட்லரையே கோமாளியாக்கி வரைந்து பலரை முகம் சுளிக்க வைத்தார். இதே மனிதர்தான் குழந்தைகளுக்கான ஜெர்மானியத் தொலைக்காட்சிக்கு நீலக் கரடி என்னும் கிழட்டுக் கப்பல் தலைவனையும் உருவாக்கினார் என்பது வியப்பு. பேரக்குழந்தைகள் நம்ப மறுக்க மறுக்க, அந்தக் கரடி தன் கடற்பயணப் புளுகுகளை அளந்துகொண்டே போகும்.

1999-இல் அந்தக் கரடியே அவருடைய முதல் கற்பனைப் பெருநாவலின் கதைசொல்லி ஆனது. நீலக் கரடிக்கு 27 உயிர்கள். அவற்றில் சரிபாதியான பதின்மூன்றரையை மட்டும் அது நமக்குச் சொல்கிறது. ஸமோனியா என்னும் கண்டம் பிறந்தது இந்நூலில்தான். இத்துடன் மோர்ஸ் சித்திரக்கதையை விட்டு இலக்கியத்துக்கு ஏறிவிட்டார் என்று கூறுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேலிச்சித்திரக்காரரின் கை அந்நாவல்களின் பக்கந்தோறும் தெரிகிறது, அவரே வரைந்த படங்களில் மட்டுமன்று, வாக்கியங்களிலும்.

ஏழு மூளைகள் கொண்ட நாக்டிகாலர் என்னும் பேராசிரியரின் கலைக்களஞ்சியம் கரடியின் தலைக்குள் குடிபுகுந்துவிடுகிறது. உயிர் ஊசலாடும் தருணத்திலும் அது தானாக விரிந்து, எதிரே நிற்கும் விலங்கைப் பற்றி நிதானமாக விளக்கம் தரும். ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் நடுவே ஒரு கட்டம் போட்டுக் குறிப்பெழுதும் சித்திரக்கதை உத்தியன்றி இது வேறென்ன?

அடுத்த ஆண்டு வெளிவந்த ஸமோனியக் கதையில் மோர்ஸ் தம்மை வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று அறிவித்துக்கொண்டார். மூல ஆசிரியராம் ஹில்டகுன்ஸ்ட் ஃபான் மித்தன்மெட்ஸ், தற்பெருமை மிக்க ஒரு கவிஞர்; பறக்கத் தெரியாத டிராகன் இனத்தவர். இவர் கதையை நடுவழியில் நிறுத்திவிட்டு விமர்சகர்களைத் திட்டுவார். எழுத்தாளன் நினைத்தால் எதையும் எழுதலாம் என்று காட்டுவதற்காக 'ப்ரும்லி' என்ற பொருளற்ற சொல்லையே திரும்பத் திரும்ப அடுக்குவார். பொது இடங்களில் முகம் காட்டுவதைத் தவிர்க்கும் மோர்ஸுக்கு இந்த வேடம் எவ்வளவு வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2001-இல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் 21 படங்களைக் கோத்து ஒரு நாவல், 2003-இல் ரூமோ என்னும் போர்வீரனின் கதை என்று எழுதிய பின், 2004-இல் வந்தது 'கனவு காணும் நூல்களின் நகரம்' என்னும் நாவல். மறு ஆண்டு வெட்ஸ்லார் நகரின் கற்பனை இலக்கியப் பரிசைப் பெற்றது. ஜான் பிரவுன்ஜானின் ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் படித்தவற்றுள் இதையே தலைசிறந்ததாகக் கருதுகிறேன். புத்தக வணிகமே மூச்சாக உள்ள புக்ஹைம் நகரின் அடியில் நச்சுநூல்களும் நூல்வேட்டைக்காரர்களும் நிறைந்த சுரங்கங்கள். அங்கே ஒற்றைக்கண் குள்ளர்கள் வாழ்கின்றனர். ஒவ்வொருவரும் ஓர் எழுத்தாளரின் படைப்புகள் அனைத்தையும் மனப்பாடம் செய்து அவர் பெயரையே தாங்குபவர். படிப்பதாலேயே வயிறு நிறைபவர். அந்தப் பெயர்களில் ஒன்று, ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் பெயரெழுத்துகளைக் கலைத்துப்போட்டு அமைத்தது. ஒரே ஓர் இயல்பை எடுத்து எல்லை கடந்து பெரிதாக்குவது கேலிச்சித்திரத்தின் அரிச்சுவடி. வாசிப்புப் பசியை மெய்யாகவே பசியாக்கிவிட்டார் மோர்ஸ்.

2007-இல் சுவிஸ் எழுத்தாளர் காட்ஃப்ரீட் கெல்லரின் பூனைக்கதை ஒன்றை ஸமோனியாவுக்குக் கடத்தி வந்ததும் நேர்த்தியான வேலையே. ஆனால் 2011-இல் வந்த இரண்டாம் புக்ஹைம் நூலை அப்படிச் சொல்ல இயலவில்லை. முதல் நாவலின் கதையைப் பொம்மை நாடகமாக நெடுநேரம் மறுபடி நடத்திக் காட்டிவிட்டு, கதை சூடுபிடிக்கும் இடத்தில் அது முடிந்துவிடுகிறது. நகைச்சுவையில் எங்கே நிறுத்துவது என்பதை அத்தனை துல்லியமாக அறிந்த ஒருவர், அந்நூலில் மட்டும் அதைத் தவறவிட்டதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.